சேரிக்கு வெளியே ஒரு சேரி

போன மாதம் ஓமலூரில் நம் படிப்பு வட்டக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். கூட்டத்தில் நான் முகாம் பற்றிப் பேசியது ஒரு தம்பிக்குப் பிடிக்கவில்லை. பி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அம்பேத்கரை ஆழ்ந்து வாசிக்கிற பையன். "அக்கா, நமக்கே சுடுகாட்டுக்குப் பாதை இல்ல. பஞ்சமி நிலம் யார் கையில இருக்குன்னு தெரியல. இதுல சிலோன்காரங்க பிரச்சினையை எதுக்கு நாம சுமக்கணும்? அதுக்குன்னு மைக் பிடிச்சுக் கத்துறதுக்குத் தனியா கட்சி இருக்கே" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். வீடு வந்து சேர்கிற வரைக்கும் அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றைக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். சேலம் மாவட்டத்தில் குறுக்குப்பட்டி, பவளத்தானூர், நாகியம்பட்டி என்று பல இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. நாமக்கல் பக்கம் பரமத்தியில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறோம்? தாரமங்கலம் போகிற பஸ்ஸில் நூறு தடவை போயிருப்போம். ஊருக்குள் ஒரு வீடு கட்டி முடிந்தால் பெயிண்ட் அடிக்க முகாம் ஆட்களைத்தான் கூப்பிடுகிறோம். வேலை முடிந்ததும் அவர்கள் திரும்பிப் போகிற இடம் எது, அங்கே மாலையில் யார் கணக்கெடுக்க வருகிறார்கள் என்று கேட்டதில்லை. ஊர், ஊருக்கு வெளியே சேரி என்பது நமக்குத் தெரிந்த வரைபடம். அந்தச் சேரிக்கும் வெளியே ஒன்று இருக்கிறது. அங்கே மாதாமாதம் செக்கிங் நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பணக்கொடை நின்றுபோகும். கியூ பிரிவு போலீஸுக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு ஃபைல்.

அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு 26 வயது. இங்கேதான் பிறந்தான், இங்கேதான் பள்ளிக்கூடம் போனான், பி.இ. முடித்தான். ஒரு கம்பெனி ஆன்லைனில் இன்டர்வியூ வைத்து எடுத்துக்கொண்டது. பிறகு ஃபார்ம் வந்தது. அதில் நேஷனாலிட்டி என்று ஒரு கட்டம். 'இலங்கை' என்று எழுதினால் பாஸ்போர்ட் எங்கே, விசா எங்கே என்பார்கள். 'இந்தியா' என்று எழுதினால் பொய். இரண்டு நாள் வைத்திருந்து, காலியாகவே அனுப்பினான். பதில் வரவில்லை. இப்போது அப்பாவோடு பெயிண்ட் வேலைக்குப் போகிறான். கமலாபுரம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது, "அக்கா, பிளேன் தலைக்கு மேலதான் போகுது" என்று சொல்லிச் சிரித்தான். அவனுடைய பாட்டி ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக ஒரு காகிதம் வைத்திருக்கிறார். 1970களில் கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரக அலுவலகத்தில் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்ததற்கான சீட்டு. பாட்டியின் அப்பா ஆத்தூர் பக்கத்து ஆளாம்.

ஆத்தூர். சேலம் மாவட்டம். தம்பி, இங்கேதான் நீ நிற்க வேண்டும்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? திருச்சி, மதுரை, தஞ்சாவூர், திருநெல்வேலி, சேலம். எந்தச் சாதிக்காரர்கள்? பெரும்பான்மையோர் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று அப்போது பதிவேட்டில் எழுதப்பட்டவர்கள். பஞ்சமும் பண்ணையாரின் கடனும் துரத்த, கங்காணி கொடுத்த முன்பணத்தை நம்பிப் போனார்கள். அந்த முன்பணமே அங்கே தலைமுறைக் கடனாக மாறியது. தோட்டம் மாறினால் கடனும் துண்டுச் சீட்டில் கூடவே வந்தது. பத்துக்குப் பத்து லயன் அறைக்குள் பரம்பரை பரம்பரையாக வாழ்ந்தார்கள். கங்காணி பெரும்பாலும் மேல்சாதி, கூலி நம் சாதி. கடல் தாண்டியும் அந்த அடுக்கு கலையவில்லை.

கப்பலேறுவதற்கு முன்னால் இவர்களை நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைத்த இடம் மண்டபம் முகாம். உடம்பைச் சோதித்து, மருந்தடித்து, எண்ணி அனுப்பினார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு உயிர் பிழைக்க ஓடிவந்தவர்களை எண்ணிப் பதிவுசெய்து உள்ளே விட்ட இடமும் அதே மண்டபம்தான். எம்.ஏ. சமூகவியலில் எனக்கு ஹன்னா அரெண்ட்டைப் பாடமாக வைத்தார்கள். நாடற்றவர்கள் பற்றி அவர் எழுதியதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். இரண்டு வருடத்தில் ஒரு வகுப்பில்கூட மண்டபம் என்ற பெயர் வரவில்லை.

இடையில் என்ன நடந்தது என்பதைத்தான் நம் மேடைகள் சொல்வதில்லை. இலங்கை சுதந்திரம் வாங்கிய அதே 1948-ல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். அப்போது அமைச்சராக இருந்த தமிழ்த் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த 1949 சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். செல்வநாயகம் எதிர்த்துப் பிரிந்து வந்து தமிழரசுக் கட்சி தொடங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்து வெள்ளாளத் தலைமைக்குத் தோட்டக் கூலியின் ஓட்டு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1968-ல்கூட மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் பஞ்சமர் நுழையக் கூடாது என்று தடுத்த சமூகம் அது. 'தமிழர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இதெல்லாம் இருக்கிறது. இங்கே மைக் பிடித்துக் கத்துகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஈழம் பேசும்போது அவர்களுக்குச் சாதி மறந்துபோகும்.

1964 அக்டோபர் 30. சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆடு மாடு பங்கு பிரிக்கும்போதுகூட எந்த மாடு யாரிடம் பழகியது என்று பார்ப்பார்கள். இந்த மனிதர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் கூலிகளாகவும் தலித்துகளாகவும் இருந்ததால்தான் இரண்டு நாடுகளுக்கும் அது இவ்வளவு சுலபமாக இருந்தது என்பது என் கருத்து. இரண்டு நாட்டுக்காரர்களும் மறுத்துக் காட்டட்டும்.

இந்தியாவுக்கு வந்தவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். 1968-ல் தொடங்கிய டான்டீ தோட்டங்களில் நீலகிரியில் சிலருக்கு மீண்டும் தேயிலை, மீண்டும் லயன். பலருக்கு அதுவும் இல்லை. தாத்தாவின் கிராமத்துச் சாதி ஆவணம் இல்லாமல் எஸ்.சி. சான்றிதழுக்கு அலைந்தவர்கள் கதை நீலகிரியில் தோழர்களைக் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வார்கள். வராமல் அங்கேயே மாட்டிக்கொண்டவர்கள் இன்னொரு கூட்டம். 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காட்டைத் திருத்தினார்கள், அங்கிருந்த நிலக்காரர்களுக்குக் கூலிகளானார்கள். பிறகு போர் வந்தது. தலைமன்னார் கப்பல் 1984-ல் நின்றது. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, கப்பலுக்குக் காத்திருந்து, கடைசியில் கள்ளத்தோணியில் அகதியாக வந்தவர்கள் இருக்கிறார்கள். பாட்டியின் பிளாஸ்டிக் கவரில் இருக்கிற காகிதத்தின் கதை இதுதான். முகாம்களில் இப்படிப்பட்ட இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 30 ஆயிரம் பேர் என்று பேராசிரியர் வி. சூரியநாராயண் எழுதியிருக்கிறார். 2021-ல் முகாம்களில் இருந்த மொத்தத் தொகையே 58 ஆயிரத்துச் சொச்சம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதி என்ற சொல்லுக்கே நம் சட்டத்தில் தனி இடம் கிடையாது. வாஜ்பாய் ஆட்சியில் 2003-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி 'சட்டவிரோதக் குடியேறி' என்று ஒரு வகையை உண்டாக்கினார்கள். செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் எல்லாம் அந்த வகை. அவர் எத்தனை வருடம் இங்கே வாழ்ந்தாலும் பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ குடியுரிமை கேட்க முடியாது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறந்த அவருடைய பிள்ளைக்கும் பிறப்பால் குடியுரிமை கிடையாது. குண்டுக்குப் பயந்து தோணியேறியவள் கொழும்புக்குப் போய்ப் பாஸ்போர்ட் எடுத்து, விசா குத்தி வந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

அதன் மேல் 2019-ல் சி.ஏ.ஏ. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகள். இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர் என்று ஆறு மதங்கள். முஸ்லிம் கிடையாது, இலங்கையும் கிடையாது. மாநிலங்களவையில் ஆதரவு 125, எதிர்ப்பு 105. அதில் அ.தி.மு.க.வின் 11 ஓட்டும் பா.ம.க.வின் ஒரு ஓட்டும் ஆதரவுப் பக்கம். அந்த 12-ஐ இந்தப் பக்கம் மாற்றிப் போட்டுக் கூட்டிப் பாருங்கள். 113-க்கு 117. சட்டம் தோற்றிருக்கும். அப்போது முதலமைச்சர் யார்? நம் மாவட்டத்துக்காரர், எடப்பாடி பழனிசாமி. இலங்கைத் தமிழருக்கு இரட்டைக் குடியுரிமை கேட்போம் என்று அவர்கள் கட்சி சொல்லிக்கொண்டிருந்தது. ஒற்றைக் குடியுரிமைக்கே கதவை அடைத்த சட்டத்துக்குக் கையைத் தூக்கிவிட்டு இரட்டை கேட்ட கதை இது.

"அப்படியென்றால் இலங்கை இந்துக்களையும் சி.ஏ.ஏ.வில் சேர்க்கச் சொல்லிப் போராடலாமே" என்று நம் நண்பர்களே சிலர் கேட்கிறார்கள். இதைத்தான் நான் முழுமூச்சாக மறுக்கிறேன். முகாமில் கோயில் இருக்கிறது, பக்கத்திலேயே மாதா கோயிலும் இருக்கிறது. ஒரே படகில் வந்தவர்களை மதம் கேட்டுப் பிரிப்பதா? 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் பஞ்சாப்ராவ் தேஷ்முக் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வேறு நாட்டுக் குடியுரிமை இல்லாத ஒவ்வொரு இந்துவும் சீக்கியரும் இந்தியக் குடிமகன் ஆகலாம் என்பது அதன் சாரம். சபை அதை ஏற்கவில்லை. அம்பேத்கர் முன்வைத்த குடியுரிமைப் பிரிவில் மதம் இல்லை. பிரிவினைக் கலவரத்தின் ரத்தம் காயாத நேரத்திலேயே அப்படி எழுத முடிந்தது. அவர் படத்தை மாட்டிக்கொண்டு நாம் தேஷ்முக்கின் வரிசையில் நிற்க முடியாது.

வங்கத்து நாமசூத்திரர்களைக் காட்டி, சி.ஏ.ஏ. தலித் அகதிகளுக்கான சட்டம் என்று பா.ஜ.க. பிரச்சாரம் செய்தது. அந்த மக்களையும் 2003-ல் 'சட்டவிரோதக் குடியேறி' ஆக்கியது இதே கட்சியின் அரசுதான் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. இடதுசாரிகளும் புனிதர்கள் இல்லை. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த மேல்சாதியினருக்குக் கொல்கத்தாவைச் சுற்றிக் காலனிகள் அமைந்தன. நாமசூத்திரர்களைத் தண்டகாரண்யக் காட்டுக்கு ஏற்றி அனுப்பினார்கள். அங்கே வாழ முடியாமல் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பி தீவுக்கு வந்து தாங்களே பள்ளிக்கூடம், மீன்பண்ணை எல்லாம் அமைத்துக்கொண்டபோது, 1979 ஜனவரியில் ஜோதிபாசு அரசு படகுகளை விட்டுத் தீவை முற்றுகையிட்டது. சோறும் தண்ணீரும் போகவில்லை. சுட்டார்கள். மே மாதம் குடிசைகளுக்குத் தீ வைத்து விரட்டினார்கள். செத்தவர் எத்தனை பேர் என்பது இன்றுவரை சர்ச்சை. நம் ஆட்கள் அகதியானால் கொடியின் நிறம் எதுவானாலும் நடப்பது ஒன்றுதான் என்பதற்கு எனக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

அடுத்து, டீக்கடையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் மனதில் இருக்கிற கேள்வி. "குடியுரிமை கொடுத்தால் நம் இடஒதுக்கீட்டில் பங்குக்கு வருவார்களே?" கணக்குப் போடுவோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 1 கோடியே 44 லட்சம். முகாமில் இருக்கிற குழந்தை குட்டி அனைவரையும் தலித் என்றே வைத்துக்கொண்டாலும் 58 ஆயிரம். நூற்றுக்கு அரை ஆள்கூட வராது. அதுவும் யாருடைய பங்கு? கங்காணியிடம் விற்கப்பட்டுப் போன நம் கொள்ளுப்பாட்டியின் பேரப்பிள்ளைகளுடைய பங்கு. நாடு இல்லாததால் அந்தப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழும் இல்லை. சாதியின் அடி மட்டும் முழுசாக விழுகிறது, அதற்கு ஈடாகச் சட்டம் தருகிற ஒரே காகிதம் கிடைப்பதில்லை. நம் தலைமுறை சாதிச் சான்றிதழுக்குத் தாசில்தார் ஆபீஸில் நின்ற நிற்பு நமக்குத் தெரியும். அவர்களுக்கு அந்த வரிசையில் நிற்கக்கூட இடமில்லை.

ஒரு சொல்லைப் பற்றியும் எழுத வேண்டும். யாழ்ப்பாணத்தில் மலையகத் தமிழரை இழிவாக 'வடக்கத்தியான்' என்று சொல்வார்கள். வடக்கே இந்தியாவிலிருந்து வந்த கூலி என்று பொருள். இங்கே சேலத்தில், கட்டடத்திலும் மில்லிலும் வேலை செய்கிற பீகார், ஒடிசாத் தொழிலாளிகளை நம் பையன்கள் 'வடக்கன்' என்கிறார்கள். நம் வாட்ஸ்அப் குரூப்பிலும் பார்த்தேன். 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவி அந்தத் தொழிலாளிகள் பயந்து ரயிலேறியது நினைவிருக்கும். அவர்களில் பலர் நம்மைப் போலவே நிலமில்லாத தலித்துகள். நம் கொள்ளுத்தாத்தாவை நோக்கி வீசிய சொல்லை எடுத்து நாமே இன்னொருவன் மேல் வீசுகிறோம். கோகுல்ராஜின் ஊர்க்காரர்கள் நாம். யார் எங்கே, யாரோடு நிற்கலாம் என்று இன்னொருவன் முடிவுசெய்வது எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

தி.மு.க. அரசு செய்ததைச் செய்தது என்று சொல்லத்தான் வேண்டும். 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள், 7,469 வீடுகள் கட்ட முடிவானது, குடும்பத் தலைவருக்குப் பணக்கொடை 1,500 ஆனது. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. செப்டம்பரில் சி.ஏ.ஏ.வைத் திரும்பப் பெறச் சொல்லிச் சட்டமன்றத் தீர்மானமும் வந்தது. எல்லாம் சரி. ஆனால் வீடு புதிதாகிவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்கிற அமைச்சர்களுக்கு ஒன்று: சமத்துவபுரத்தில் வீடு வாங்கியவர் ஓட்டுப் போடுகிறார். முகாமில் வீடு வாங்கியவர் செக்கிங்குக்கு நிற்கிறார்.

ஒன்றிய அரசு நினைத்தால் எவ்வளவு சுலபம் என்பதற்கு 2025 செப்டம்பரே சாட்சி. புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்ததோடு ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது என்றது. "அக்கா, குடியுரிமை கிடைச்சிருச்சு" என்று எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். கிடைக்கவில்லை. ஜெயிலுக்குப் போக வேண்டாம், அவ்வளவுதான். 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் நொறுங்கியபோது தனுஷ்கோடி மணல்திட்டில் கைக்குழந்தையோடு இறக்கிவிடப்பட்டவர்களுக்கு அதுவும் கிடையாது, தேதி தாண்டிவிட்டது. ஆனால் ஒரே ஆணையில் இத்தனை பேரைத் தண்டனையிலிருந்து விலக்க முடியும் என்றால், 'சட்டவிரோதக் குடியேறி' என்ற முத்திரையையும் நீக்க முடியும். மனம்தான் இல்லை. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றத்தில், தண்டனை அனுபவித்து முடித்த ஓர் இலங்கைத் தமிழர் நாடுகடத்த வேண்டாம் என்று கேட்டபோது, எல்லா நாட்டு அகதிகளையும் வைத்துக்கொள்ள இந்தியா தர்மசாலை இல்லை என்றார் நீதிபதி. கண்டியில் சீட்டு வாங்கி ஐம்பது வருடமாகப் பத்திரப்படுத்தியிருக்கிற பாட்டி தர்மமா கேட்கிறார்?

ஆஸ்திரேலியாவில் பிலோயெலா என்று ஒரு சின்ன ஊர். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் அங்கிருந்த ஒரு தமிழ் அகதிக் குடும்பத்தை, இரண்டு பெண் குழந்தைகளோடு, அதிகாரிகள் தூக்கிக்கொண்டு போனார்கள். கிறிஸ்துமஸ் தீவில் அடைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள், வெள்ளைக்காரர்கள், நான்கு வருடம் விடாமல் போராடி 2022-ல் அந்தக் குடும்பத்தை ஊருக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த ஊரும் ஓமலூரைவிடச் சின்ன ஊர்தான். நாம் நாற்பது வருடம் பக்கத்திலேயே இருந்து பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டதோடு நின்றுவிட்டோம்.

செய்ய வேலை இருக்கிறது, காத்திருக்கத் தேவையில்லாத வேலை. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்த எவரும், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். இது இப்போதைய சட்டமே சொல்வது. 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் இதை வைத்து மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் வழக்காடி 2022-ல் ஆணை வாங்கினார், பாஸ்போர்ட் எடுத்தார், 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். முகாம்களில் 1983-க்கும் 1987-க்கும் நடுவில் பிறந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கே தெரியாது, பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. மருத்துவமனைப் பதிவேடு, பேரூராட்சிப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு என்று தேட வேண்டும். இரண்டாவது, இந்திய வம்சாவளிக் குடும்பங்களின் பழைய சீட்டு, தோட்டத்துப் பிறப்புப் பத்திரம், தாத்தாவின் ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் எழுதி எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட 65 பேரின் மனுக்களைப் பரிசீலிக்கச் சொல்லி 2019 ஜூனில் அதே மதுரைக் கிளை உத்தரவிட்டது. அடுத்த வழக்குக்கு நம் மாவட்டத்திலிருந்து காகிதம் தயாராக இருக்க வேண்டும். ஆர்.டி.ஐ. எழுதத் தெரிந்தவர்கள், கையெழுத்து நன்றாக இருப்பவர்கள், பைக் வைத்திருப்பவர்கள் தேவை.

ஞாயிறு காலை பத்து மணி, ஓமலூர் பஸ் ஸ்டாண்டு. ஒரு நோட்டும் பேனாவும் போதும். தம்பி, நீயும் வா. போகிற வழியில் சுடுகாட்டுப் பாதை மனுவையும் தாலுகா ஆபீஸ் பெட்டியில் போட்டுவிட்டுப் போவோம்.